சகலை வீட்டுக் கடிகாரம்

தடால்!

வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து வந்த சத்தத்தில், முன்னறைக் கிளினிக் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த பேஷண்ட் டக்கென்று வாயை மூடினார். நடுவில் பல் டாக்டரின் ஆள்காட்டி விரல் இருந்தது.

"ஐயோ!"

விரலை விடுவித்துவிட்டு பேஷண்ட் மிரட்சியோடு கேட்டார். "டாக்டர், விழுந்தது என் பல்லா?"

"உங்களுது இல்லைங்க. அப்படியே வாயைத் திறந்து வச்சுக்குங்க. இதோ வந்துடறேன்."

டாக்டர் விரலை உதறிக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினார். கார் வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே ராஜமரியாதையோடு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய மரக் கடிகாரம். மூன்று மாத உழைப்பு. பிளைவுட் பலகையில் சக்கரம் வரைந்து, கம்பி வாளால் ஒவ்வொரு பல்லாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. மணல் நிரப்பிய டின் ஒன்று கயிற்றில் தொங்கும். அது மெல்லக் கீழே இறங்க இறங்கச் சக்கரங்கள் சுழலும். 'அவசரப்படாதே, அவசரப்படாதே' என்று பெண்டுலம் தலையாட்டி ஒவ்வொரு பல்லாக விடும்.

இப்போது பெண்டுலம் தலையாட்டவில்லை. கயிறு அறுந்து, டின் தரையில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தடவை என்ன?" வாசலில் மனைவி.

"கயிறு அறுந்துடுச்சு."

"போன தடவை?"

"ஆணி பிடுங்கிக்கிச்சு."

"அத்தான் வீட்டுக் கடிகாரம் ஒரு நாளாவது இப்படிக் கீழே விழுந்திருக்கா?"

அத்தான் என்ற அந்த ஒரு சொல், செத்துப் போகாத நரம்பில் டிரில் பட்ட மாதிரி டாக்டருக்குள் சுரீரென்று இறங்கியது.

அத்தான் என்பவர் மனைவியின் அக்கா புருஷன். டாக்டருக்கு மூத்த சகலை. தொழில் வக்கீல். கோர்ட் லீவில் பொழுது போகாமல் ஒரு மரக் கடிகாரம் செய்து ஹாலில் மாட்டியிருந்தார். அதைக்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கடிகாரத்தை மாமனார் பாராட்டியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவது கடைவாய்ப் பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம். அப்படிப்பட்டவர் பெரிய மகள் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பெரிய மாப்பிள்ளை கடிகாரம் நிமிஷம் தப்பாது."

சொன்ன கையோடு பக்கத்தில் நின்ற டாக்டரை விருந்தாளிகளுக்கு அறிமுகமும் செய்து வைத்தார். "இவர் சின்ன மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு ஏழு நிமிஷம் லேட்டா வந்தாரு."

பதினொரு வருஷமாக அதே அறிமுகம். டாக்டர் தங்க மெடல் வாங்கியது, ஊரில் பாதிப் பேர் பல்லை நேராக்கியது எதுவும் அந்த ஏழு நிமிஷத்தை நிரவவில்லை. வீடு திரும்பும்போது மனைவி வேறு சொன்னாள்: "பல்லுக்குன்னே படிச்சவர் நீங்க. பல் சக்கரம் செஞ்சது என்னவோ அத்தான்!"

மறுநாளே கார் வெளியே போனது, பிளைவுட் உள்ளே வந்தது.

மாமனார் ஆறு மாதம் பெரிய மகள் வீட்டில், ஆறு மாதம் சின்ன மகள் வீட்டில். வருகிற வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார். அன்றைக்கு ஹாலில் இந்தக் கடிகாரம் ஓட வேண்டும். அதே வாய் 'நிமிஷம் தப்பாது' என்று சொல்ல வேண்டும். இன்று புதன்.

டாக்டர் தடிமனான கயிறு ஒன்றைக் கட்டினார். அறுந்து விழவில்லை. ஆனால் கயிறு உருளையில் சிக்கி, கடிகாரம் நின்றது.

சிக்காமல் இருக்கச் சமையலறையிலிருந்து எண்ணெய் எடுத்து வந்து உருளைக்கும் சக்கரங்களுக்கும் தாராளமாக விட்டார். இரும்புச் சக்கரம் என்றால் எண்ணெய்க்கு வழுக்கியிருக்கும். இது மரம். எண்ணெயைக் குடித்துவிட்டு, விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி உப்பி, அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

உப்பியதைக் காயவைக்க மனைவியின் ஹேர் டிரையரை எடுத்தார். அரை மணி நேரச் சூட்டில் சக்கரம் காய்ந்தது. காய்ந்த வேகத்தில் ஒரு பல் 'டிக்' என்று தெறித்துப் போனது. ஹேர் டிரையரும் புகைந்து அடங்கியது.

"என்னங்க, என் டிரையரைப் பார்த்தீங்களா?"

"இல்லையே!"

ஒரு பல்தானே? அதற்கென்றே படித்தவர் அல்லவா! சக்கரத்தை கிளினிக்குக்குள் எடுத்துப் போய், விளக்கடியில் வைத்து, பல் அடைக்கும் பசையால் புதுப் பல் கட்டி, நீல விளக்குக் காட்டி இறுக வைத்தார். வெளியே காத்திருந்த பேஷண்டுகள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளே யாரு? ஆளையே காணோம், பல்லு மட்டும் இருக்கு?" என்றார் ஒருவர்.

"முன்னாடியே வந்து கொடுத்துட்டுப் போயிருப்பாங்க போல" என்றார் இன்னொருவர்.

புதுப் பல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வந்து கடிகாரம் முட்டிக்கொண்டு நின்றது. டிரில்லால் ராவினார். ராவியது கொஞ்சம் அதிகம். எப்படியோ வியாழன் சாயங்காலம் கடிகாரம் ஓடியது. ஓடியதே தவிர, ஒரு நாளுக்குக் கால் மணி நேரம் பின்தங்கும் கணக்கில் ஓடியது. இனி கைவைக்க நேரமில்லை. மணல் டின்னுக்கு மனைவியைக் கெஞ்சி ஒரு துணியுறை தைத்துப் போட்டு, கடிகாரத்தை ஹாலில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

அந்த 'ம்'மில் பழைய ஏழு நிமிஷமும் சேர்ந்து ஒலித்தது போல் டாக்டருக்குக் கேட்டது.

ஆனால் மறுநாள் காலையில் ஓர் அதிசயம். ரேடியோவில் எட்டு மணிக்கு 'பீப்' என்றபோது, மரக் கடிகாரத்திலும் சரியாக எட்டு! டாக்டர் கண்ணைக் கசக்கினார். மத்தியானம் பார்த்தார். சரி. சாயங்காலம் பார்த்தார். சரி. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... ஒரு நிமிஷம் பிசகவில்லை.

"நான் கட்டின பல்லு!" என்று டாக்டர் நெஞ்சைத் தட்டினார். "புதுசுங்கறதால முதல்ல ரெண்டு நாள் உறுத்தும். அப்புறம் பழகிடும். பேஷண்டுகளுக்கே அப்படித்தானே?"

கடிகாரத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், "முதுகு பிடிக்குது" என்று எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார். பிறகு திருவாய் மலர்ந்தார்: "சின்ன மாப்பிள்ளை கடிகாரமும் நிமிஷம் தப்பாது."

டாக்டருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அந்த 'உம்' உறுத்தியது. கடிகாரமும்! அப்படியானால் இன்னும் பாதிப் பெருமை அந்த வக்கீல் வீட்டில் இருக்கிறது. உடனே போனை எடுத்தார்.

"சகலை! என் கடிகாரம் ஜம்முனு ஓடுது. உங்களுது எப்படி?"

மறுமுனையில் வக்கீல் தொண்டையைச் செருமினார். "அது வந்து... கொஞ்சம் ஈரக்காத்து..."

போன் கைமாறியது. அக்காவின் குரல் தங்கைக்காகக் கத்தியது. "அவகிட்ட சொல்லுங்க! இங்க வெள்ளிக்கிழமையிலேருந்து இவர் கடிகாரம் தறிகெட்டுத் திரியுது! ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா சாயங்காலம்ங்குது!"

டாக்டர் போனை வைத்துவிட்டு ஹாலில் இரண்டு சுற்று ஆடினார். பேஷண்ட் ஒருவர் வாயில் பஞ்சோடு அதைப் பார்த்து, மயக்க மருந்து யாருக்குப் போட்டார்கள் என்று குழம்பினார்.

வக்கீல் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆளா? ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து இறங்கினார். கையில் போர்வையில் சுற்றிய, கைக்குழந்தை மாதிரி ஒரு மூட்டை. பின்னால் பெட்டியோடு அக்கா.

"சகலை, உங்க வீட்டுக் காத்து வேற, என் வீட்டுக் காத்து வேற. இது நியாயமான விசாரணை இல்லை. ஒரே சுவர், ஒரே காத்து, ஒரு வாரம். தினம் காலையில எட்டு மணி பீப்புக்கு எது சரியா காட்டுதோ அதுதான் கடிகாரம். நீதிபதி மாமா."

"சம்மதம்!"

"இருங்க, ஒரு ஷரத்து. காலையில எட்டு மணிக்கு முன்னாடி நீங்களும் ஹால்ல காலெடுத்து வைக்கக்கூடாது, நானும் வைக்கக்கூடாது. யாரும் முள்ளுல கை வச்சுடக்கூடாது பாருங்க. நான் உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்."

"நானும் பொதுவாத்தான் சம்மதிக்கறேன்."

இரண்டு கடிகாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. மாமனார் அவற்றுக்கு நடுவில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

திங்கள் காலை எட்டு. இரண்டும் சரி. செவ்வாய், இரண்டும் சரி. புதன், வியாழன், வெள்ளி... இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி எட்டைக் காட்டின. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்து டாக்டருக்கு வயிறு எரிந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து வக்கீலுக்கு வயிறு எரிந்தது. அக்காவும் தங்கையும் இரண்டு பேருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தார்கள்.

"இது நடுவுல அப்பா பாவம்டி" என்றாள் அக்கா. "ஆறு நாளா அந்த நாற்காலியை விட்டு நகரலை."

"தீர்ப்பு சொல்றது லேசான வேலையா?" என்றாள் தங்கை.

சனிக்கிழமை இரவு டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். நாளை கடைசி நாள். சமமாக முடிந்தால், மூத்தவர் என்ற மரியாதையில் மாமனார் வக்கீலுக்கே கையைத் தூக்கிவிடுவார். அதை அனுமதிக்க முடியாது.

ஞாயிறு காலை ஆறு மணி. மாமனார் வழக்கம்போல் நடக்கக் கிளம்பினார். சரியாக அரை மணி நேரம் நடப்பார். பாத்ரூமிலிருந்து வக்கீலின் பாட்டு கேட்டது. டாக்டர் பூனை மாதிரி ஹாலுக்குள் நுழைந்தார். வக்கீல் கடிகாரத்தின் எடை ஒரு மரக்குழாய். மூடியைத் திருகினால் உள்ளே இரும்புக் குண்டுகள். எல்லாவற்றையும் தன் பைஜாமா பைகளில் கொட்டிக்கொண்டு, குழாயில் பல்லுக்கு வைக்கும் பஞ்சை அடைத்து மூடினார். பெண்டுலம் இரண்டு முறை தயங்கி ஆடி, ஆறு மணி ஐந்து நிமிஷத்தில் நின்றது. பக்கத்தில் தன்னுடையது டிக் டிக் என்று பாடிக்கொண்டிருந்தது.

'செல்லம்!' என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார்.

எட்டடிக்கச் சில நொடிகள் இருந்தபோது, எல்லோரும் ஹாலுக்குள் வந்தார்கள். டாக்டர் பைஜாமாவை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார். வக்கீலும் என்னவோ காலைக் கொஞ்சம் அகட்டி நடந்தார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

'பீப்.'

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கடிகாரத்தில் எட்டு.

வக்கீல் கடிகாரத்திலும் எட்டு!

பஞ்சில் எப்படி ஓடும்? திரும்பிப் பார்த்தால் வக்கீல் இவருடைய கடிகாரத்தைப் பேயைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. டிக் டிக் சத்தமே இல்லை. இரண்டு பெண்டுலமும் அசையாமல் தொங்கின.

"மோசடி!" வக்கீல்தான் முதலில் வெடித்தார். "இந்தக் கடிகாரம் எட்டு காட்ட முடியாது!"

"ஏன் முடியாது? உங்களுதுதான் காட்ட முடியாது!"

"உங்க டின்னுல மணலே இல்லையே!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் வக்கீலின் பைஜாமாவிலிருந்து வந்தது. ஓட்டைப் பை வழியாக மணல் சரசரவென்று தரையில் இறங்கி, அவர் காலடியில் கோபுரம் கட்டியது. டாக்டர் அதைச் சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினார். பைஜாமாவைப் பிடித்திருந்த கை அது. கனம் தாங்காமல் நாடா விட்டுக்கொடுக்க, இரும்புக் குண்டுகள் கடகடவென்று ஹால் முழுக்க உருண்டு ஓடின.

"கர்மம்!" என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் பைஜாமாவை அள்ளிப் பிடித்தபடி குழறினார். "எல்லாம் சரி சகலை... எடை இல்லாம ரெண்டும் எப்படி எட்டு மணிக்கு வந்துச்சு?"

இருவரும் மெதுவாக நீதிபதி பக்கம் திரும்பினார்கள்.

மாமனார் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேப்பரை மடித்து வைத்தார்.

"மூணாவதா இன்னொண்ணு மட்டும் செஞ்சுடாதீங்க மாப்பிள்ளை. எட்டு மணிக்குள்ள ஓடி ஓடி ரெண்டுக்கும் முள்ளைத் திருப்பி வைக்கறதுக்கே எனக்கு மூச்சு வாங்குது."