பச்சை விழுந்த குளத்துக் கதவு

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், மரகதம் என்ற உடும்பு கணினி நிரல் எழுதிப் பிழைத்துவந்தாள். அங்கே குளத்தைச் சுற்றி வேலி உண்டு, வேலிக்கு ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவளுடைய நிரல்தான். ‘கரையில் புலி நின்றால் திறக்காதே’, ‘முதலை தலை காட்டினால் திறக்காதே’ என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக எழுதி வைத்திருந்தாள். ஒன்றிரண்டு போக, ஒவ்வொன்றும் ஒரு சாவுக்குப் பிறகு சேர்த்தது. படித்தால் தலை சுற்றும். ஆனால் மான்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன.

பக்கத்துக் காட்டு மாநாட்டுக்குப் போன சிங்கராஜா, திரும்பும்போது சுகுமாரன் என்ற நரியைக் கூட்டிவந்தார். தர ஆலோசகராம். நரியார் கணினித் திரையில் படம், பொத்தான் எதையும் தொடமாட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டுவார். அது நிரல் முழுவதையும் மேய்ந்து, நிபந்தனைக்கு ஒன்றாக எண்ணி, சிக்கல் எவ்வளவு என்று சொல்லிவிடும். பத்துக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, எழுதியவருக்குச் சீட்டுக் கிழியும்.

மரகதத்தின் நிரலுக்குச் சிவப்பு விழுந்தது. பதினொன்று.

வேலை போனால் மறுபடி வெயிலில் புற்றுப் புற்றாக அலைய வேண்டும். ஏசி வளையில் பழகிய உடம்பு அதையெல்லாம் தாங்குமா?

“ஒண்ணுதானே சார் கூட இருக்கு? பார்த்து விட்டுடக் கூடாதா?”

“பதினொண்ணுன்னா பதினொண்ணுதாம்மா. ஒண்ணைத் தூக்குங்க.”

“எதைத் தூக்கச் சொல்றீங்க? ஒவ்வொண்ணும் ஒரு உசிரு சார்.”

“அது திரைக்குத் தெரியாதே!” என்றார் நரியார்.

மரகதம் வரி வரியாகப் பார்த்தாள். ‘ராஜா குளிக்க வந்தால் மற்றவர்களை விடாதே’ என்பதைத் தொட முடியுமா? ‘ராஜாவின் மாமியார் வந்தால்’ என்பதை நினைத்துத்தான் பார்க்க முடியுமா?

“புலி வந்தா மானே ஓடிடும்மா. அதுக்கு எதுக்கு ஒரு வரி?” என்று எடுத்துக்கொடுத்தார் நரியார்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. உடும்புப் பிடி என்று ஊரெல்லாம் பேர் எடுத்தவள். அன்றைக்கு அந்தப் பிடி நாற்காலியைத்தான் பிடித்தது. புலி வரியை அழித்தாள். திரை பச்சையானது. எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தார்கள்.

மறுநாள் கரையில் புலி நின்றது. கதவு தன் பாட்டுக்குத் திறந்தது. கதவு திறந்தால் ஆபத்தில்லை என்று வழக்கம்போல நம்பி உள்ளே போன குருவம்மா என்ற மான் திரும்பி வரவில்லை.

உறவுக்கார மான்களெல்லாம் சபைக்கு வந்து ஒப்பாரி வைத்தன. ராஜா நரியாரைப் பார்த்தார். நரியார் கட்டளையை மறுபடி தட்டினார். பச்சை!

“நிரல் சுத்தமா இருக்கு ராஜா. மானுக்குத்தான் தப்பான நேரத்துல தாகம் எடுத்திருக்கு.”

ராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரகதம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவளைத் தலைமை நிரலர் ஆக்கி, கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். மாலையோடு உண்மை பேசுவது யாருக்குமே சிரமம். வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் எல்லை ஒன்பதாகக் குறைந்தது. இந்தத் தடவை மரகதம் யாரிடமும் கெஞ்சவில்லை. முதலை வரியை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நீதி: நிரலின் சிக்கலை அளக்கக் கட்டளை உண்டு, மானின் சிக்கலை அளக்க ஒன்றும் இல்லை. ஆகவே பிள்ளைகளே, மானாகப் பிறந்து தொலைக்காதீர்கள்.