அமலிக்கு நான் மாட்டிய பிரேக்டவுன் சார்ட்

மண்ணூரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் மண்பாதையில், கையில் ஒரு மஞ்சள் பையோடு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடுகிறவனை ஊரே நிறுத்தி ஏன் என்று கேட்கும், நடக்கிறவனை யாரும் கேட்பதில்லை (அனுபவம்).

ஓர் இடத்தை விட்டு நடந்து போவதில் நான் கெட்டிக்காரன். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சிவகாசியில் அச்சாபீஸ், பாலக்காட்டில் பரோட்டாக் கடை, எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் அன்று மாலை நான் விட்டு நடந்தது என் மனைவி அமலியையும், பிறந்து பன்னிரண்டே நாளான மகளையும்.

எங்களுடையது ஓடி வந்த கல்யாணம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு என்ற பேச்சே கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சென்னைப் பக்கம் வந்து, மண்ணூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, நான் ஒரகடத்தில் வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் அமலி அழ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, எதுக்கு அழுற?"

"தெரியலயே."

"வலிக்கா?"

"இல்ல."

"நான் எதும் சொல்லிட்டேனா?"

"சொல்லல. அதுக்கும் அழுகையா வருது."

ராத்திரி வேர்த்துக் கொட்டி நைட்டி நனைந்தது. காலையில் குளிருகிறது என்றாள். குழந்தை தூங்கினால், மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எழுப்பினாள். எழுந்த குழந்தை அழுதால் கூடவே அவளும் அழுதாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் பிரேக்டவுன் சார்ட் என்று ஓர் அட்டை தொங்கும். மிஷின் நின்றால் நேரம், பழுது, காரணம், சரிசெய்தது என்று நாலு கட்டத்திலும் எழுத வேண்டும். காரணக் கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் குதிப்பார். "காரணம் இல்லாத பழுதே கிடையாது!" பள்ளிக்கூடத்துக்குப் பிறகு என் கையில் பேனாவைக் கொடுத்த முதல் மனிதர் அவர். அவர் சொன்னதுதான் எனக்கு வேதம்.

குழந்தைக்காக லீவு போட்டு வீட்டில்தான் இருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். சமையல் மூலையில், அமலி கண்ணில் படாத இடத்தில் (என்று நான் நினைத்த இடத்தில்) மாட்டினேன்.

"காலை 6.20. அழுகை. பால் பொங்கியது. அடுப்பு துடைக்கப்பட்டது."

"காலை 7.05. அழுகை. பால் பொங்கவில்லை. காத்திருக்கிறோம்."

"காலை 9.00. கோபம். நான் மூச்சு விட்ட சத்தம். நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை."

"பகல் 1.30. சிரிப்பு, உடனே அழுகை. ரேடியோவில் எலி மருந்து விளம்பரம். ரேடியோ நிறுத்தப்பட்டது."

ஐந்து நாளில் தாள் நிறைந்து, இரண்டாம் தாள் ஒட்டினேன். எனக்குள் ஓர் இன்ஜினியர் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தானே என்று பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், குழந்தையை எடை பார்க்க நர்ஸம்மா வந்தார். கூடவே வேடிக்கை பார்க்க வீட்டுக்காரம்மா வள்ளியம்மாள். கை கழுவப் போன நர்ஸம்மா சமையல் மூலையில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு சத்தம் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை, வாசித்தார்.

வள்ளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னாப்பா இது! பச்ச ஒடம்புக்காரி அழுவுறா, நீ இன்னாடான்னா டைம் பாத்து எழுதிகினுகீற?"

"அக்கா, காரணம் கண்டுபிடிக்கத்தான்..."

"மூச்ச நிறுத்திப் பாத்தியாமே? இன்னும் கொஞ்சம் நேரம் நிறுத்தியிருக்கலாம்."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, என் காரணக் கட்டம் முழுவதையும் மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'ஹார்மோன்' என்று எழுதினார்.

"மாசமா இருக்கறப்போ ஒடம்புல இது ஏறிக்கிட்டே போகும்பா. புள்ள வெளிய வந்ததும் சடார்னு இறங்கிடும். வேர்க்கிறது, அழறது எல்லாம் அதான். அவ தப்பும் இல்ல, உன் தப்பும் இல்ல. நாலு மணி நேரமாவது சேர்ந்தாப்புல தூங்க விடு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல தெளியலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு வா. வெளையாட்டா இருக்காத."

அவர்கள் போன பிறகு அமலி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா ஓடுத மிஷினாப் பாத்துப் போங்க."

ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வந்து நின்றது. எங்கள் லைனில் வேலை பார்க்கும் முருகேசன், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன், இறங்கினான்.

"ஏலே அந்தோணி, ஊருக்கா?"

"ஆமா, ஒரு வேலையா."

"இதயெல்லாம் கொண்டுக்கிட்டா?"

குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஆணியில் ஒரே ஜவுளிக்கடையின் மஞ்சள் பைகள் இரண்டு தொங்கும். ஒன்றில் என் சட்டைகள். மற்றதில், பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த குழந்தையின் இடுப்புத் துணிகள். ஒரு வார மழையில், அடுப்புச் சூட்டில் ஒவ்வொன்றாக நான் காயவைத்த பதினாலு துணிகள். அவற்றில் ஒன்று பைக்கு வெளியே கொடிபோல ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் குழந்தைக்கு வேறு உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லை.

முருகேசன் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டான். "ஏ மக்கா, இங்க பாருங்கலே, பிள்ளய விட்டுட்டு துணிய மட்டும் கூட்டிட்டுப் போறான்!"

தூறல் விழுந்தது. பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினேன். இந்த முறை ஓடினேன். யார் ஏன் என்று கேட்டாலும் சொல்வதற்குக் காரணம் இருந்தது.

அமலி என் கம்பெனி யூனிபாரம் சட்டையைக் குழந்தைக்குச் சுற்றி வைத்திருந்தாள். 'பாதுகாப்பே முதல் கடமை' என்று அச்சடித்த பாக்கெட் முழுக்க ஈரம். பையால் வயிறு புடைத்து நின்ற என்னைப் பார்த்தாள், துணிகளை ஒவ்வொன்றாக நான் உருவுவதைப் பார்த்தாள், சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். நான் நேரம் பார்க்கவில்லை.

சமையல் மூலையில் சார்ட்டின் கடைசி வரி அவள் கையெழுத்தில் இருந்தது. "சாயங்காலம் 4.10. பழுது: புருஷன். காரணம்: பயம்."

சரிசெய்தது என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

லீவு முடிந்திருந்தும், யூனிபாரம் காயாததால் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகவில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அதற்குப் பிறகு மத்தியான ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். வேலைக்குப் போகாத அந்தக் காலையில் ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே அமலி ஒன்பது வரை அசையாமல் தூங்கினாள். அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் தெளிய ஆரம்பித்தது.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் யார் முகம் தூக்கினாலும், "அப்பா, சார்ட்ல ஏத்துங்க" என்பாள். குழந்தையை மடியில் வாங்கி அன்று காலை நான் சேர்ந்த அந்த வேலையில் எப்போது என்னை நிரந்தரம் செய்வாய் என்று நானும் அமலியை அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

"டிரெய்னிங்கே இன்னும் முடியலயே" என்கிறாள்.