எடையை எடுத்து ஓரமாக வைப்பவர்

குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்துகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் கையுறையைக் கடையில்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது சட்டையைப் பிடித்தால் வாத்தியாரைக் கூப்பிட்டவர்கள். ஆனால் நூறு வருடமாக உலகத்தில் குத்தியவர்கள் அத்தனை பேரையும், ஐம்பது கிலோக்காரனையும் நூறு கிலோக்காரனையும், ஒரே வரிசையில் நிற்கவைத்து, யார் முதல், யார் ஏழாவது என்று சொல்லிவிடுவார்கள். எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். உங்கள் பஸ் போய்விடும்.

"எடையை எடுத்து ஓரமா வைங்க" என்பதுதான் இவர்களுடைய முதல் வாக்கியம். எல்லாரும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டால் யார் பெரியவன் என்பது இரண்டாவது. நீங்கள் வாயைத் திறந்ததும் மூன்றாவது வரும்: "அந்த ஃபைட்ட நீங்க முழுசாப் பார்த்தீங்களா?" நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அவரும் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

அரூர் அறிவழகனை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடம் மஞ்சள் மண்டியில் எடை போட்டவர். மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோவைச் சொல்வார். தராசு அதற்குப் பிறகு ஆமாம் சொல்லும். மண்டியில் சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம், மண்ணுக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தானே எழுதுவார்கள்? ஓய்வு பெற்றதும் அந்த முறையை அப்படியே குத்துச்சண்டைக்குக் கொண்டுவந்தார். நோஞ்சான்களாகப் பார்த்து அடித்தவனுக்கு ஒரு கழிவு. சொந்த ஊர் நடுவர் கையைத் தூக்கிவிட்டிருந்தால் ஒரு கழிவு. உடம்பு பெரிதாக இருப்பதற்கே ஒரு கழிவு. எல்லாம் போக மிஞ்சுகிறவன்தான் வீரன். இந்தக் கணக்கில் முகமது அலி நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்டார். ஒரே சமயத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் பட்டம் வைத்திருந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தார்.

மெத்தைக் கடை சர்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அலி நான்காவது என்றால் பட்டியலே தப்பு என்பது அவர் கட்சி. ஆறு வருடமாக, கச்சேரிமேட்டு டீக்கடையில், தினமும் காலையில், வடை ஆறிப்போகும்வரை இருவரும் இதைப் பேசினார்கள். நண்பர்கள்தான். சந்தேகம் வேண்டாம்.

ஒரு நாள், ஆம்ஸ்ட்ராங் எப்படித் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே புகுவார் என்று சர்தாருக்குக் காட்ட அறிவழகன் பெஞ்சை விட்டு எழுந்தார். டீக்கடைக்காரர் அப்போதுதான் தரையைக் கழுவியிருந்தார். எதிராளியே இல்லாத அந்தச் சண்டையில் நம்மவர் முதல் சுற்றிலேயே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.

சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து எழுந்து நிற்க வேண்டும் என்றார் டாக்டர். அறுபத்தெட்டு வயதில் படுத்துக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கால் நடையை மறந்துவிடும். அப்புறம் படுக்கைதான் என்று மனைவி வெண்மதியிடம் தனியாகவும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆயிற்று. அறிவழகன் எழவில்லை. ஏன் எழவேண்டும்? தலையணைக்கடியில் நோட்டு இருந்தது, கையில் போன் இருந்தது, ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இழுபறி நடந்துகொண்டிருந்தது.

வெண்மதி பொம்மிடியிலிருந்து குள்ளம்மாளை வரவழைத்தாள். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள். அறிவழகன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பத்தி மூணு" என்றார்.

"இருக்குங்க சார்" என்றாள் அவள்.

அவர் எண்பத்தாறு கிலோ. இவள் தூக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து விழவேண்டியதுதான், தன் எடைக்கு ஒத்த ஆண் ஒருவரை, எண்பதுக்குக் குறையாமல் பார்த்து வரவழை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு முறை விழுந்தவருக்கு மறுபடி விழப் பயம். அதைப் பயம் என்று சொல்லமாட்டார். எடை என்பார்.

குள்ளம்மாள் வாதாடவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு. விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் ஒரு நொடி வெளுத்துவிட்டுச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. வெளியே வந்து, "இப்படியே நாலு நாள் படுத்தாருன்னா தோல் பிஞ்சுருங்கக்கா. அப்புறம் ஒக்கார வைக்கவும் முடியாது" என்றாள். வெண்மதி அழுதுகொண்டு நிற்கவில்லை. சர்தாருக்குப் போன் போட்டாள்.

புத்தி சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டாள். ஆனால் வந்தவர் காலைப் பற்றி விசாரித்து முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. நூறு கிலோ ஆள் எதிரே நின்றால் உங்கள் ஆம்ஸ்ட்ராங் ஊதினாலே போய்விடுவான் என்றார் சர்தார். ஒன்பது நாளாக அசையாத அறிவழகன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"எடையை எடுத்து ஓரமா வைங்க பாய். எடையாங்க சண்ட போடுது? காலை எங்க வைக்கிறான், எப்பச் சாயறான், அவ்ளோதான். அது தெரிஞ்சவன் தன்னாட்டம் ரெண்டு மடங்கு ஆளையும் அசைச்சுப்புடுவான்."

வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்த குள்ளம்மாள் நின்றாள்.

"ரெண்டு மடங்குங்களா சார்?"

"தாராளமா."

"நான் நாப்பத்தி மூணு. நீங்க எம்பத்தாறு."

அறிவழகன் தலையணைக்கடியில் இருந்த நோட்டை இன்னும் உள்ளே தள்ளினார். சர்தாருக்கு இப்படி ஒரு நாள் இனி வாய்க்குமா?

"ஒண்ணு, எந்திரிங்க. இல்லாட்டி அலியை மேல ஏத்துங்க" என்றார்.

இந்த இனத்தை எழுப்ப வேறு வழியே கிடையாது. மனைவி கெஞ்சலாம், டாக்டர் மிரட்டலாம். பட்டியலில் கை வைத்தால்தான் கால் தரைக்கு வரும். வந்தது. குள்ளம்மாள் அவர் இடுப்பில், பிடித்துத் தூக்குவதற்கான பட்டியைக் கட்டி, அவருடைய முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, தரையைப் பார்க்காதீர்கள், முன்னால் சாயுங்கள் என்றாள். அவர் முன்னால் சாய, அவள் பின்னால் சாய, எண்பத்தாறு கிலோ கட்டிலை விட்டுக் கிளம்பியது. முகம் வெளிறியது. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை ஒன்று வந்தது. ஆனால் அவள் பத்து எண்ணி முடிக்கும்வரை நின்றார். சாயங்காலம் மறுபடி நின்றார். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து அடுப்படி வரை போனார். முதுகுச் சிவப்பும் மங்கியது. அடுத்த வாரம் டாக்டர் அறைக்குள் நடந்தே நுழைந்தார்.

குள்ளம்மாளுக்கு நன்றி சொன்னாரா என்கிறீர்களா? புதுப் பட்டியல் ஒன்று போட்டார்: தாலுகாவில் ஆளைத் தூக்குகிறவர்கள், எடை பாராமல். அதில் குள்ளம்மாளுக்கு இரண்டாம் இடம். முதலிடம் காலியாக இருக்கிறது. ஏன் இரண்டு என்று வெண்மதி கேட்டாள்.

"பாதி நானே எந்திரிச்சேன் இல்ல? அதுக்கு ஒரு கழிவு."

"கால்வாசிதாங்க சார்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு குள்ளம்மாள் பொம்மிடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

எல்லாம் இருக்கட்டும். ஆம்ஸ்ட்ராங் முதலிடம் என்று மேலே படித்தபோதே உங்கள் நாக்கு நுனியில் வேறொரு பெயர் வந்து நின்றதே, இவ்வளவு நேரமும் கதையைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரைத்தானே பிடித்துக்கொண்டிருந்தீர்கள்? பரவாயில்லை, யாரிடமும் சொல்லமாட்டேன். அந்த ஆளை எந்த இடத்தில் வைப்பது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். தரை ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.