பெருங்காய மேடம்

சென்னையில் சாம்பாரைப் பார்த்துப் பயந்த ஒரே மனுஷி எங்கள் பெருங்காய மேடம்தான். புயலுக்கு அசையமாட்டார், மேனேஜருக்கு அசையமாட்டார். சாம்பார் வாளி பக்கத்தில் வந்தால் மட்டும் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார்.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் ஆபீஸின் கணக்குப் பிரிவு அவருடையது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் யாரும் அதைப் புழங்கவில்லை. பட்டப்பெயர் வந்தது ஒரு மயிலாப்பூர் மெஸ்ஸில்.

"சாம்பார்ல என்ன பெருங்காயம் போடறீங்க?" என்றார் பரிமாறுபவரிடம்.

"நல்ல பெருங்காயம்தாம்மா."

"டப்பாவைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

டப்பா வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த பொடி எழுத்தை மெஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "கோதுமை மாவு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். எதிர் மேஜைக்காரர் எழுந்தேவிட்டார். "ஏம்மா, ஏதாச்சும் ஆயிடுமா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார், உக்காந்து சாப்பிடுங்க. எனக்குத்தான் ஆகாது."

அவருக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். பல வருஷம் வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாகத் தேய்ந்து, ஊர் சொன்ன கஷாயத்தையெல்லாம் குடித்து, கடைசியில் அடையாறு டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தார். சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் வைத்தியம். அரிசி, உளுந்து, கேழ்வரகு எல்லாம் சாப்பிடலாம். "தோசை ஊர்ல பொறந்தேனே, அது என் அதிர்ஷ்டம்" என்பார். ஆனால் அந்தக் கல்லில் முன்னால் சப்பாத்தி போட்டார்களா என்று விசாரணைக் கமிஷன் வைக்காமல் ஓட்டலில் ஒரு தோசை உள்ளே போகாது.

நாங்கள் சிரிப்போம். தி.நகர் கல்யாணம் ஒன்றில் அவருடைய உறவுக்காரர், "ஒரு கரண்டி சாம்பார்ல உயிரா போயிடும்?" என்று சாதத்தில் ஊற்றியேவிட்டார். மனசு வருத்தப்படுவாரே என்று மேடம் சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க ஆபீஸுக்கு வரவில்லை. பார்க்கப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"இனிமே மரியாதைக்குன்னு ஒரு வாய்கூடக் கிடையாது சார்."

அதன்பின் எந்த விசேஷத்திலும் பந்தி தொடங்குமுன் கிளம்பிவிடுவார்.

என் மகள் கல்யாணம் நங்கநல்லூரில் நிச்சயமானதும், முதல் வேலையாக மேடத்தைச் சமையல் மாஸ்டரிடம் அழைத்துப் போனேன்.

"இன்னாமா சொல்றே, பெருங்காயத்துல கோதுமையா?" மாஸ்டர் தன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சர்தான் வுடு. உனக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். பெருங்காயமே வோணாம். சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு ரசம் வெக்கிறேன் பாரு!"

கல்யாணத்தன்று விடிந்ததுமே மேடம் சமையற்கட்டில் ஆஜர். தன் கரண்டியில் சிவப்பு ரிப்பன் கட்டினார். "இது அந்த சாம்பார் அண்டாவுக்குள்ள போச்சுன்னா, என்னைப் பந்தியில தேடாதீங்க. ஆஸ்பத்திரியில தேடுங்க." மாஸ்டர் அந்த அடுப்புப் பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பாவைக்கூட அண்டவிடவில்லை.

முதல் பந்தியில், எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து மேடம் சாப்பிட்டார். பந்தி முடிந்து அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், அவர் எழவில்லை. உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ரசம்."

பெண்ணைப் பெற்றவன், பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரசத்தை எடுத்துவர நானே ஓடினேன்.