மடக்குக் கத்தி மாநாடு

என் வீட்டில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் பதிவு செய்கிறேன்.

முதலாவது, கல்யாணமான மூன்றாம் மாதம். சுவர்க் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றேன். அது சமையலறையில் மாட்டப்பட்டது. இரண்டாவது, என் துண்டுப் பிரசுரங்கள். முப்பது வருஷச் சேகரிப்பு. ஒரு மழைக்காலத்தில் பரணிலிருந்து இறக்கி, கூரை ஒழுகும் இடத்தில் பரப்பப்பட்டது. எழுத்து நிறைய இருப்பதால் நன்றாக உறிஞ்சுகிறது என்று பாராட்டு வேறு. மூன்றாவது, நான் ஓய்வு பெற்ற மறுநாள். வீட்டு வேலையைச் சமமாகப் பகிர வேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். அது விவாதமின்றி நிறைவேறியது. அன்று முதல் பாத்திரம் நான் தேய்க்கிறேன்.

நான்காவது இந்தக் கத்தி விவகாரம். இதில் நான் வென்றேன். கடைசி இரண்டு நிமிஷம் தவிர.

நான் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் சங்கச் செயலாளர். மூன்று வேலைநிறுத்தம், பதினோரு நாள் உண்ணாவிரதம். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிப்போவிலும் சரி, தெருவிலும் சரி, நான் "முழக்கம்". ஓய்வுக்குப் பிறகு முழங்க இடமில்லாமல் இருந்தேன்.

போன மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு கார் கவிழ்ந்தது. ஓட்டியவர் சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். தீயணைப்பு வண்டி வரும்வரை நாங்கள் இருபது பேர் சுற்றி நின்று யோசனை சொன்னோம். வெட்ட ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் குடியிருப்புக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மீட்புக் குழு அமைப்பது, அதன் தலைவர் எந்நேரமும் ஒரு மடக்குக் கத்தியைப் பையில் வைத்திருப்பது என்று முடிவானது. தலைவர் யார் என்பது மட்டும் பாக்கி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இரண்டு கத்திகள் பார்வைக்கு வந்தன. ஒன்று கறுப்பு. கட்டைவிரலால் தட்டினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் "க்ளக்" என்று அலகைத் திறந்துவிடும். முனை ஊசி. கையில் எடுத்தாலே பத்து வயது குறையும். இன்னொன்று ஆரஞ்சு நிறம். முனை மழுங்கல். பின்பக்கம் ஒரு கொக்கி, அதன் வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன அலகு, அடியில் கண்ணாடி உடைக்க ஒரு குமிழ். குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் சாமான் மாதிரி இருந்தது.

கறுப்பை வீட்டுக்கு எடுத்து வந்து நாலைந்து முறை "க்ளக்" செய்து காட்டினேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. யாரைக் குத்தப் போறீங்க?"

"குத்தறதுக்கில்ல. காப்பாத்தறதுக்கு."

"அப்ப முனை எதுக்கு?"

பதிலுக்கு இன்னொரு முறை "க்ளக்" செய்தேன். 

அவள் இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். அடிபட்டு வருகிறவர்களின் துணியை வெட்டி எடுப்பதே பாதி வேலை. "அடிபட்டவன் சும்மா கெடக்க மாட்டான், கையக் கால உதறுவான். அப்ப இந்த முனை எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள். வெறும் அனுபவவாதம் என்று நான் அதை நிராகரித்தேன். தத்துவம் இல்லாத அனுபவம் குருடு என்று படித்திருக்கிறேன். அந்தப் பிரசுரமும் மழையில் போய்விட்டது.

எதிர்வீட்டு வாத்தியாரிடம் அவள் ஆரஞ்சுக் கத்திக்கு ஆதரவு திரட்டுவது தெரிந்ததும் நான் களத்தில் இறங்கினேன். ஒரே இரவில் ஏழு விதிகள் எழுதினேன். பட்டறை மெக்கானிக்கின் சக்கரமில்லாத பழைய காரில் ஒருவர் பெல்ட்டில் மாட்டியிருக்க வேண்டும். ஐம்பது எண்ணுவதற்குள் விடுவிக்கும் கத்தியே குழுவின் கத்தி. அந்தக் கத்தியைப் பிடித்தவரே தலைவர். முதல் வாய்ப்பு கறுப்புக்கு. மீட்டவர், மீட்கப்பட்டவர் பெயர்களைச் சாட்சிகள் முன்னால் மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். இது ஏழாம் விதி. என் பெயர் மூன்று முறை ஒலிப்பதைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

கூட்டத்தில் ஏழும் ஒருமனதாக நிறைவேறின. என் மனைவியும் கை தூக்கினாள். ஒரே ஒரு திருத்தம் கேட்டாள்.

"தினமும் பையில இருக்கற கத்தின்னா, அவர் மாட்டிக்கிட்டாலும் அது அவரைக் காப்பாத்தணும்ல? அவரே உள்ள உக்காரட்டும். கத்தி அவர் பேன்ட் பையிலயே இருக்கட்டும். பதினோரு நாள் பட்டினி கெடந்தவரு, அம்பது எண்ணற வரைக்கும் உக்கார மாட்டாரா?"

கைதட்டல் எழுந்தது. எதிரியே என் தியாகத்தை மேடையில் சொல்கிறாள். திருத்தத்தை ஏற்றேன்.

ஞாயிறு காலை அவள் என் பழைய டிப்போ காக்கி பேன்ட்டைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "இதைப் போட்டாத்தான் தலைவர் மாதிரி இருப்பீங்க." ஓய்வுக்குப் பிறகு நான் நாலு அங்குலம் வளர்ந்திருந்தேன், எல்லாம் இடுப்பில். மூச்சை இழுத்துப் பொத்தானைப் போட்டேன். அவள் பட்டறைக்குப் போய் மெக்கானிக்கிடம் எந்த சீட் பெல்ட் நன்றாக இறுகும் என்று விசாரித்துவிட்டும் வந்தாள். தோல்வியை இவ்வளவு நாகரிகமாக ஒப்புக்கொள்கிறாளே என்று மனம் இளகியது.

சாட்சிகள் ஒன்பது பேர். நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். மெக்கானிக் பெல்ட்டை மாட்டினார். குடியிருப்புச் செயலாளர் விசில் ஊதினார். எல்லாரும் எண்ணத் தொடங்கினார்கள்.

பேன்ட் பையின் வாய் பெல்ட்டுக்கு அடியில் இருந்தது.

இதை எந்த விதியிலும் நான் யோசித்திருக்கவில்லை. பதினைந்தில் விரல்களை உள்ளே நுழைத்தேன். அசைய அசைய பெல்ட் இறுகியது. இருபத்தைந்தில் கை பைக்குள், கத்தி கைக்குள், இரண்டும் பெல்ட்டுக்குக் கீழே. முப்பத்தொன்றில் கட்டைவிரல் எதன் மீதோ பட்டது.

க்ளக்.

பாதிதான் திறந்தது. முனை எங்கே போய் நின்றது என்பதைச் சபை நாகரிகம் கருதி எழுதவில்லை. மூச்சு விடுவதையே வேலைநிறுத்தம் செய்தேன். ஐம்பது ஆனது. எண்ணுவதை நிறுத்தாமல் அறுபதுக்குப் போனார்கள்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். ஜன்னல் வழியாக ஆரஞ்சுக் கத்தியின் கொக்கியைப் பெல்ட்டில் மாட்டினாள்.

"அசையாதீங்க. பேசாதீங்க. ரெண்டும் உங்களால முடியாதுன்னு தெரியும், இருந்தாலும்."

தோளில் ஓர் இழுப்பு. இடுப்பில் ஓர் இழுப்பு. பெல்ட் இரண்டு இடத்திலும் அறுந்தது. ஆரஞ்சுக்கான எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டவில்லை. பிறகு பேன்ட் பையையும் ஓரமாகக் கிழித்து, என் கையிலிருந்து கறுப்பை மெதுவாக வாங்கி மடக்கினாள். என் மேல் ஒரு கீறல் இல்லை. மெக்கானிக் விசிலடித்தார்.

ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏழு விதிகளில் ஒன்றுகூட மீறப்படவில்லை. நடைமுறை வென்றது. நடைமுறை என்னுடையது.

நான் கிழிந்த காக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மீட்டவர், குழுத் தலைவர், நர்ஸம்மா என்று மூன்று முறை படித்தார். போதும் என்று சைகை காட்டினேன். அவர் ஏழாம் விதியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, ஒன்பது சாட்சிகளுக்கும் கேட்கும்படி, மூன்றாம் மாடி வரை கேட்கும்படி, அடுத்த வரியைப் படித்தார்.

"மீட்கப்பட்டவர், முழக்கம். மீட்கப்பட்டவர், முழக்கம். மீட்கப்பட்டவர், முழக்கம்."