கூர்மை போதவில்லை

உலகில் இதுவரை எடுக்கப்பட்ட எந்தப் புகைப்படமும் சரியில்லை என்ற உண்மையை முறையாகப் பதிவு செய்துவரும் ஒரே அமைப்பு எங்கள் 'நுண்ணொளி நட்பு வட்டம்'. இணையத்தில் இயங்குகிறது. உறுப்பினர்கள் நானூறு பேருக்கு மேல். பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்கள். பொழுது போன பிறகு மீதமிருக்கும் நேரத்தில் பிறர் படங்களைத் திருத்துபவர்கள்.

வட்டத்துக்கு விதிகள் உண்டு. விமர்சனம் மூன்று பகுதிகளாக அமைய வேண்டும்: பாராட்டு, குறை, பரிகாரம். பாராட்டு ஒரு வரியைத் தாண்டக் கூடாது. குறைக்கு வரம்பில்லை. நூறு விமர்சனம் எழுதியவர் 'இளநிலை விமர்சகர்'. ஐந்நூறு எழுதியவர் 'முதுநிலை விமர்சகர்'. நான் முதுநிலை. இரண்டு ஆண்டுகளில் அறுநூற்றுப் பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். நேரில் நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் எழாது. 'கூர்விழி' என்ற புனைபெயரில் எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்துவிடும். சொந்தமாகக் கேமரா இல்லாததால் என்னிடம் பாரபட்சத்துக்கும் வழியில்லை.

ஏழாம் விதி தனித்துச் சொல்லத்தக்கது. வட்டத்துக்குள் யாரும் தம் தொழிலைப் பேசக் கூடாது. காப்பீட்டு முகவர் ஒருவர் குடும்பப் படம் எதைக் கண்டாலும் 'அழகான குழந்தைகள். இவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?' என்று எழுதிவந்ததால் ஏற்பட்ட விதி அது. ஆகவே நான் அறிவியல் பட்டம் பெற்று, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண் பரிசோதிப்பவள் என்பது வட்டத்தில் எவருக்கும் தெரியாது.

சென்ற மாதம் முதல் தேதி ஒரு புது உறுப்பினர் சேர்ந்தார். நீச்சல் பயிற்சியாளர். அறிமுகத்திலேயே தொழிலைச் சொல்லிவிட்டதால் அறிமுகத்திலேயே முதல் எச்சரிக்கையும் பெற்றார். அதன் பிறகு எல்லோரும் அவரைக் 'கோச்' என்றே அழைத்தார்கள். விதி மீறலுக்கு நினைவுச் சின்னம்போல அந்தப் பெயர் நிலைத்தது.

கோச் கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகள் பதினெட்டாம் தேதி வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். திரும்பி வர மூன்று வருடம் ஆகும். அதற்குள் அவளை ஒரே ஒரு படம், கண் இரண்டும் தெளிவாக, எடுத்துவிட வேண்டும். கூடவே முதல் படத்தையும் இட்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் மகள். முகம் பனிமூட்டத்துக்குள் இருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டு திருகாணி உட்படத் தெளிவாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் நாற்பது விமர்சனங்கள் வந்தன. இப்படிப்பட்ட அக்கறையை நீங்கள் சொந்தபந்தத்தில்கூடப் பார்க்க முடியாது. என்னுடையதைக் கீழே தருகிறேன்:

"பாராட்டு: ஸ்விட்ச் போர்டு. குறை: முகத்தில் கூர்மை போதவில்லை. பரிகாரம்: கை அசைந்திருக்கலாம். கேமராவுக்கு முக்காலி பயன்படுத்தவும்."

கோச் முக்காலி வாங்கினார். மறுநாள் படத்தில் ஸ்விட்ச் போர்டு முன்னைவிடத் தெளிவாக வந்தது.

இந்த இடத்தில் எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டத்தை நிறுவியவர். அவருக்குத் தானியங்கிக் கூர்மை, அதாவது ஆட்டோஃபோகஸ், என்றாலே ஆகாது. "கேமராவே எல்லாம் செய்யும்னா நீங்க எதுக்கு, ஸ்டாண்டா?" என்று கேட்பார். கூர்மையைக் கையால்தான் திருகி வைக்க வேண்டும், கேமராவின் பின்திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது வட்டத்தின் கொள்கை. கோச் கொள்கைக்குக் கட்டுப்பட்டார். திரையைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்தியானபோதெல்லாம் படம் எடுத்தார்.

மூன்றாம் தேதி அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். விமர்சனங்களில் எழுத்தெல்லாம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதாம். இப்போது வரும் போன்களே இப்படித்தானாம். யாராவது குரல் பதிவாகச் சொன்னால் உதவியாக இருக்குமாம். மற்றபடி தன் பார்வையில் ஒரு குறையும் இல்லை, குளத்தின் அந்தக் கரையில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று இந்தக் கரையிலிருந்தே சொல்லிவிடுவேன் என்றும் சேர்த்திருந்தார்.

எழுத்துதான் சின்னது, பார்வையில் குறையில்லை என்ற இதே வாக்கியத்தை எங்கள் கடையில் நாளுக்கு ஏழு பேராவது சொல்கிறார்கள். ஏழு பேரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாம் விதியை நினைத்துக்கொண்டேன். அது போதாததற்கு, பெரியவர் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. கடையின் பரிசோதனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடி, ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். தெளிவான குரல் என்று பலர் பாராட்டினார்கள்.

அடுத்த ஒரு வாரத்தில் வட்டம் கோச்சுக்கு வழங்கிய ஆலோசனைகளைத் தொகுத்தால் ஒரு கையேடே வெளியிடலாம். மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்கச் சொன்னார் தலைவர். நீச்சல்காரர் என்பதால் கோச் இரண்டு நிமிடம் அடக்கினார். மகளும் அடக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, ஒன்பதாம் தேதிப் படத்தில் மகளின் முகம் மங்கலாக மட்டுமின்றிச் சிவப்பாகவும் இருந்தது. நிறச் சமநிலை பற்றி அன்று நல்ல விவாதம் நடந்தது.

பத்தாம் தேதி அவசரக் கூட்டம். திரையில் பதினெட்டு முகங்கள். நான் முகம் காட்டாமல் குறிப்பெழுதினேன். அதனால் பேச வேண்டியிருக்கவில்லை.

"கோச் சார், நீங்க திரையில பாக்கும்போது எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்கு தலைவரே."

"முகம் தெளிவா இருக்கா?"

"எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு."

"எல்லாமே ஒரே மாதிரின்னா, அது லென்ஸோட கோளாறு" என்றார் தலைவர்.

மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேர ஆய்வுக்குப் பின், கோச் லென்ஸை மாற்றுவது என ஏகமனதாக முடிவாயிற்று. நான் 'ஏகமனதாக' என்று எழுதி அடிக்கோடிட்டேன். மேலும் இரண்டு லென்ஸ்கள் முயன்று பார்க்கப்பட்டன. பதினைந்தாம் தேதி, மூன்று நாளே இருக்கிறது, யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று கோச் குரல் பதிவில் கேட்டார். அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது. ஒலிப்பதிவின் தரம் குறித்து ஒருவர் ஆலோசனை வழங்கினார்.

பதினாறாம் தேதி காலை கடைக்கு ஒரு பெண் வந்தாள். வெளிநாடு போகிறாளாம், உபரியாக ஒரு கண்ணாடி வேண்டுமாம். உடன் வந்தவர் தோளில் கேமராப் பை. கடைக்குள் நுழைந்ததும் ஸ்விட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பெண் அதற்கு எதிர்ப்புறமாக உட்கார்ந்தாள். அதற்கு மேல் எனக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

வாயைத் திறக்காமலே சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மகளின் பெயர் எழுதிய வாடிக்கையாளர் அட்டையை அவரிடம் நீட்டும்போது தொழில் பழக்கத்தில், "பேரு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்றுவிட்டேன்.

அவர் அட்டையை வாங்கிக் கையை முழுக்க நீட்டினார். பிறகு தலையையும் பின்னுக்கு இழுத்தார்.

"அப்பா, கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா பக்கத்துக் கடையிலேருந்து படிச்சிருக்கலாம்" என்றாள் மகள்.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இந்தக் குரல் எனக்குத் தெரியுமேம்மா. நீங்க கூர்விழி மேடம்தானே?"

நான் தலையசைத்தேன்.

"எங்க அப்பாவை முக்காலி வாங்கச் சொன்னது நீங்களா?" என்று மகள் எழுந்தாள்.

"முக்காலி நான்தான். மூச்சு தலைவர்."

"நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?"

பதில் என் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முதுநிலை விமர்சகராக நான் பெற்ற விமர்சனங்களில் அதுதான் கடுமையானது.

கோச் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பதிவை எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை கேட்பேன் என்று நன்றி சொன்னார். நான் அவரைப் பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனேன்; மகளும் பின்னாலேயே வந்தாள். நான்கு நிமிடம் ஆனது. தூரப் பார்வை அவர் சொன்னபடியே கழுகுதான். கிட்டத்தில் படிக்க மட்டும் கூட்டல் இரண்டு பவர் கண்ணாடி வேண்டும். அந்த வயதில் எல்லோருக்கும் வருவது. மேசை இழுப்பறையில் தயாராக இருந்த ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

அவர் கேமராவை எடுத்துப் பின்திரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். முந்நூற்றுச் சொச்சம் படங்கள்.

"எல்லாத்துலயும் அந்த போர்டுதான் இருக்கு" என்றார் மெதுவாக.

"நான் சொன்னேன்ல" என்றாள் மகள்.

"நீ கிண்டல் பண்றேன்னு நெனச்சேன்."

அப்போது அவள் அவருக்குப் பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புருவத்துகிட்ட இது என்ன தழும்பு? எப்ப வந்துச்சு?"

"அதுவா? ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

 அவள் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மூச்சை அடக்கவில்லை. அழுகை வராமல் இருக்க, கண்ணாடிக்குப் பணம் கட்டும் இடம் எங்கே என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கோச் திரையைப் பார்த்துத் திருகி, ஒரே ஒரு தடவை அழுத்தினார். பார்த்தார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இன்னொண்ணு எடுக்கலையா சார்?" என்றேன்.

"எதுக்கும்மா?"

பதினெட்டாம் தேதி, மகளை வழியனுப்பிவிட்டு வந்து, அந்தப் படத்தை வட்டத்தில் இட்டார். கண் இமை முடிகளை எண்ணலாம். எழுபத்து மூன்று விமர்சனங்கள் வந்தன. கூர்மை அதிகமாகிவிட்டது என்றார்கள். பின்னணியில் எழுத்துப் பலகை கவனத்தைச் சிதறடிக்கிறது என்றார்கள். முந்தைய படங்களில் ஒரு கனவுத்தன்மை இருந்தது, அது கோச்சின் தனிப்பாணி, அதை ஏன் கைவிட்டார் என்று தலைவர் வருத்தத்தோடு கேட்டார். கோச் யாருக்கும் வருத்தமில்லாமல் பதில் சொன்னார். எல்லோருடைய ஆலோசனைக்கும் நன்றி என்றும், கடைசியில் கண்ணாடிக் கடை மேடம் ஒருவர் தன் கண்ணைப் பார்த்துச் சொன்னதுதான் உதவியது என்றும், அவரும் நம் வட்டம்தான் என்றும் பெருமையாக எழுதிவிட்டார்.

மறுநாள் எனக்கு அறிவிப்பு வந்தது. ஏழாம் விதியை மீறி, சக உறுப்பினர் ஒருவரிடம் தொழில் செய்தமைக்காகவும், அதன் விளைவாக அவருக்குப் பயன் ஏற்படக் காரணமாயிருந்தமைக்காகவும், என் முதுநிலைத் தகுதி நிறுத்திவைக்கப்படுகிறது. அதில் ஒரு கேள்வியும் இருந்தது: உறுப்பினரின் பார்வைக் குறைபாடு தங்களுக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது?

பதினாறாம் தேதி என்று எழுதினால் விவகாரம் முடிந்துவிடும். நான் உள்ளபடியே, மூன்றாம் தேதி என்று எழுதினேன்.

தலைவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். தேதியில் ஏதோ பிழை இருக்கிறது, திருத்தி அனுப்பவும் என்கிறார். மூன்றாம் தேதியே தெரிந்திருந்தால் பதினாறாம் தேதி வரைக்கும் எந்த மனுஷியாவது சொல்லாமல் இருப்பாளா என்று கேட்கிறார். எங்கள் வட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு உயர்ந்தது.