கிண்ணத்துக்குள் மலையைக் காண்பவர்

தெய்வம் எல்லோருக்கும் மூச்சுவிடத்தான் மூக்கைக் கொடுத்தது. சீனத்தில் எங்கள் வூயி மலையில் சில பேருக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லக் கொடுத்துவிட்டது. அவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊலாங் தேநீரை அவர்கள் குடிப்பதில்லை, விசாரிக்கிறார்கள். மூடியை எடுத்து முகர்ந்து, கண்ணை மூடி, புருவத்தை ஏற்றி, அடுத்த வீட்டு நாய்கூடத் திடுக்கிடும்படி ‘சர்ர்ர்’ என்று ஒரு மடக்கு உறிஞ்சி, அதை நாக்கில் புரட்டிக் கன்னத்தில் ஒதுக்கி, நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள்.

“வெளிப்பாறை.”

தீர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் விளைந்தால் மகாராணி. இந்தப் பக்கம், வெளிப்பாறையில், விளைந்தால் வேலைக்காரி. செடிக்கு அது தெரியுமா? செடியை யார் கேட்டார்கள்?

எங்கள் ஊர் மூக்கின் பெயர் கூ பாவ்லின். இலையுதிர்காலப் போட்டிக்கு ஊரிலிருந்து ஒரு தேயிலைதான் போகும். எது என்று சொல்பவர் அவர். ஓடைக்கு இந்தப் பக்கத்துக்காரி ரோங்மெய்யின் தேயிலையை இரண்டு வருஷம் தள்ளிவிட்டார். “இந்த வருஷமும் இல்லேன்னா செடியைப் பிடுங்கிட்டு மூங்கில் வெச்சிடலாம்” என்று அவள் புருஷன் தியான்ஷெங் சொல்லியிருந்தான். மண்வெட்டியைக்கூடத் தீட்டி வைத்துவிட்டான்.

அவளோ இலையைக் கரிச்சூட்டில் மூன்று முறை வாட்டி ஆறவைத்து, கருணைத் தெய்வமான குவான்யின் தாயாருக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கூவை வீட்டுக்கு அழைத்தாள். வந்தவர் உட்காருமுன்பே காதைத் தீட்டினார்.

“என்னம்மா இது, அடுப்புல தண்ணி இரையிற சத்தமே சரியில்லையே?”

“உங்களைப் பார்த்த பயம்ண்ணே” என்றான் தியான்ஷெங்.

“கேலி பண்ணாதப்பா. எந்த ஊத்துத் தண்ணி?”

“நம்ம ஊத்துதாண்ணே” என்றாள் ரோங்மெய்.

“காலையில மொண்டதா, வெயில் ஏறினப்புறமா?”

பாவம், அவள் பதறிப்போனாள். மண் கூஜாவில் வெந்நீரை ஊற்றினாள்; முதல் தண்ணீரை வழக்கம்போலக் கொட்டினாள்; மறுபடி ஊற்றி, கறுப்புக் கிண்ணங்களில் வார்த்தாள்.

கூ முகர்ந்தார். உறிஞ்சினார். பிறகு இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னார்! அந்த விரல்கள் அந்த வீட்டில் அசைந்ததே இல்லை.

“மேல ஆர்க்கிட் பூ. அடியில பாறை. தொண்டையில இனிப்பு நிக்குது பாரு! ஓடைக்கு அந்தப் பக்கத்து ருசி இதுக்கு எப்படி வந்துச்சு? போட்டிக்கு இதுதான் போகுது.”

“ஆமாண்ணே, எனக்கும் நிக்குது” என்றான் தியான்ஷெங், தொண்டையைத் தடவிக்கொண்டே.

ரோங்மெய்யும் குடித்தாள். அவளுக்கும் இனித்தது. ஆனந்தக் கண்ணீரோடு இன்னொரு சுற்று ஊற்ற மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

இலை பக்கத்திலேயே பொட்டலத்தில் பத்திரமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் சோப்பையே காணாமல் தேநீரை மட்டும் குடித்துக் குடித்து ஊறிப்போன கூஜா, வெறும் வெந்நீருக்கே வாசத்தைக் கொடுத்திருக்கிறது.

மூடியை மறுபடி வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ரோங்மெய் குவான்யின் தாயாரைப் பார்த்தாள். தாயார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மன்னிக்கணும். பதட்டத்துல இலையே போடலை.”

தியான்ஷெங்கின் கை தொண்டையிலிருந்து மெல்ல இறங்கியது. கூ எழுந்து வந்து கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். கனைத்தார்.

“எனக்குத் தெரியாதா? அதான் இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு நினைச்சேன். சரி, இப்பப் போடு.”

போட்டாள். வார்த்தாள். ‘சர்ர்ர்.’ அவர் நாக்கில் புரட்டினார், கன்னத்தில் ஒதுக்கினார்.

“இலை போட்டதும் ஒரு படி இறங்கிடுச்சும்மா” என்றார் கடைசியில். “பரவாயில்லை. கூ பாவ்லின் சொன்ன சொல்லை மாத்த மாட்டான். இதுதான் போகும்.”

தியான்ஷெங் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் செடிகளுக்குக் களை கொத்தினான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஆர்க்கிட் பூ, தொண்டையில் இனிப்பு என்று அவர் சொன்னபோது உங்கள் நாக்கும் கொஞ்சம் ஊறியதே, அது எதற்காக? எங்கள் கூவுக்காவது வெந்நீர் இருந்தது. உங்கள் கையில் வெறும் காகிதம்தான். எதற்கும் ஒருமுறை மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.